ஓரணாக் கொசு: பத்து நாள் பயணக் குறிப்புகள்

நாள் 1: கல்லட்டி

சுகாதார ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் எங்கே போகவேண்டும்? காசி, ராமேசுவரம் என்று வீட்டில் பட்டியல் போட்டார்கள். கொசுவைத் தேடிப் போகப்போகிறேன் என்றேன். "அதற்கு எதற்கு ரயில் டிக்கெட்? கொல்லைப்புறம் போனால் போதாதா?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

துணைக்கு வந்திருப்பவர் என்னிடம் இருபது ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தவர். நான் அவரைத் தம்பி என்பேன். அவருக்கு நான் ஐயா. இரண்டு பேருமே ஓய்வுபெற்ற பின்னும் அது மாறவில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் அவர் கண் முதலில் போகிற இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் பஸ்ஸில் ஏறிக் கல்லட்டியில் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் முப்பத்தாறு என்று பலகை எச்சரிக்கிற பாதை. அந்தக் காலத்தில் இதைச் சீகூர் மலைப்பாதை என்பார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று பின்னாளில் கண்டுபிடித்த ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியாவைப் பார்ப்பதற்காக இந்தச் சரிவில் இறங்கினார். பார்த்தார். மூன்றே நாளில் அவருக்கே காய்ச்சல் கண்டது. தடுப்பு மருந்தாகக் கொய்னா விழுங்கியும் தப்பவில்லை.

மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பிலிருந்து எழும் ஆவிதான் காய்ச்சல் தருகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. ஊட்டியில் இல்லாத காய்ச்சல் அடிவாரத்தில் இருப்பதற்கும் அந்தக் காற்றையே காரணம் சொல்லியிருப்பார்கள். உண்மைக் காரணம் குளிர். கொசுவின் வயிற்றில் கிருமி முதிர்வதற்கு வெப்பம் வேண்டும். குளிர்ந்த இடத்தில் அது முதிர்வதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். இதைத் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "அப்படியென்றால் ஊட்டியில் நமக்கு வேலையே இருந்திருக்காது, ஐயா. அங்கே மாற்றல் கேட்டிருக்கலாம்" என்றார்.

நாள் 2: சபரி எக்ஸ்பிரஸ்

கோயம்புத்தூரில் ஏறினோம். எதிர் இருக்கையில் தேங்காய்ச் சம்மந்தியோடு இட்லி சாப்பிட்ட குடும்பம் எங்களுக்கும் கொடுத்தது. கொசு பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ராஸின் குரு லண்டனில் இருந்த பேட்ரிக் மான்சன். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் போகிறது என்று மான்சன் ஊகித்தது சரி. அங்கிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது என்பதில்தான் பிசகினார். கொசு முட்டையிட்டுத் தண்ணீரில் செத்து விழும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவனுக்குக் காய்ச்சல் வரும் என்பது அவர் கணக்கு. ராஸ் அதையும் விடவில்லை. நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்து ஊறிய தண்ணீரை, விவரம் சொல்லி, காசும் கொடுத்துச் சிலருக்குக் குடிக்கத் தந்தார். லட்சுமணன் என்ற டோலி தூக்கும் இளைஞர் குடித்தார். சில நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது ராஸுக்கு ஒரே மகிழ்ச்சி. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மகிழ்ச்சி வடிந்துவிட்டது.

இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. அன்றைக்குக் குழுவும் இல்லை, கையெழுத்தும் இல்லை. லட்சுமணனின் ஆங்கிலப்படுத்திய பெயராவது காகிதத்தில் தங்கியிருக்கிறது. எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. அதை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

நாள் 3: செகந்திராபாத்

மதியம் வந்து சேர்ந்தோம். ஸ்டேஷனுக்கு எதிரே ஏதோ ஒரு விடுதி, பெயர் வேண்டாம். குளியலறையில் ஒரு நீல நிற டிரம், மூடி இல்லை. தம்பி பல் துலக்கும் டம்ளரை எடுத்து ஓரமாக ஒரு மொண்டு மொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: பன்னிரண்டு புழுக்கள்.

இந்தத் தொழிலில் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கொசுப்புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். வால் நுனியில் மூச்சுக்குழல் இருக்கும். அதை மட்டும் நீர்ப்பரப்பில் செருகிக்கொண்டு உடம்பைக் கீழே விட்டிருக்கும். நீர்ப்பரப்போடு ஒட்டி, மிதக்கிற துரும்பு மாதிரிப் படுத்திருந்தால் அனாபிலிஸ். அதற்கு அந்தக் குழல் கிடையாது. வளர்ந்த பின்னும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். மற்றக் கொசுக்கள் சுவரில் கூன் போட்டு உட்காரும். அனாபிலிஸ் தலையைச் சுவரில் அழுத்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, சுவரில் சாய்வாக அடித்த ஆணி மாதிரி உட்காரும். மனிதனுக்கு வரும் மலேரியாவைச் சுமப்பது இந்த ஆணி மட்டும்தான்.

டம்ளரில் இருந்தவை எல்லாம் தொங்கின. "டெங்கு வேண்டுமானால் வரும், மலேரியா வராது" என்று தம்பி தீர்ப்பளித்தார். விடுதிப் பையனைக் கூப்பிட்டு டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன். வாடகையைக் குறைக்கச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் போய் மேலாளரை அழைத்து வந்துவிட்டான். கடைசியில் நாங்களே கவிழ்த்தோம்.

நாள் 4: பேகம்பேட்டை

பழைய விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது அந்தக் கட்டடம். இப்போது உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணியியல் நிறுவனம். ராஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அன்று 19-ஆம் சென்னைக் காலாட்படையின் மருத்துவமனை. ஏதோ பெரிய மாளிகையை எதிர்பார்த்து வந்திருந்தேன். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இதைவிடப் பெரிது. எல்லா அறைகளையும் பார்க்க வாய்க்கவில்லை. வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

1897 ஆகஸ்ட். ராஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கொசுக்களை அறுத்துப் பார்த்து ஒன்றும் காணாமல் அலுத்திருந்தார். அவர் அறுத்தவையெல்லாம் கூன் போட்டு உட்காரும் இனங்கள். அவற்றின் வயிற்றில் மனித மலேரியா வளரவே வளராது. தப்பான பூட்டில் சரியான சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். கடும் புழுக்கம். பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் அதுவும் இல்லை. நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துப்போயின. மிச்சமிருந்த ஒரே கண்வில்லையும் விரிசல் விட்டிருந்தது.

மலேரியாப் பயிற்சியில் நானும் கொசு அறுத்திருக்கிறேன். கொன்ற கொசுவைக் கண்ணாடிச் சில்லில் கிடத்தி, ஒரு சொட்டு உப்பு நீர் விட்டு, இடக்கை ஊசியால் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கை ஊசியால் வாலின் கடைசிக் கணுவை மெல்ல இழுக்கவேண்டும். கை சரியாக வந்தால் குடல் முழுசாக உருவிக்கொண்டு வரும். வயிறு ஓர் எள் அளவு இருக்கும். கை சற்று நடுங்கினால் அறுந்து போகும். பிறகு அடுத்த கொசு. என்னால் ஒரு காலைப்பொழுதில் பத்துக்குமேல் தாங்க முடியவில்லை. மாலையெல்லாம் கண்ணுக்குள் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது.

அந்த ஆகஸ்டு நடுவில் ராஸின் ஆட்களில் ஒருவர் ஒரு பாட்டிலில் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவை பொரிந்து பறந்தபோது இறக்கையில் புள்ளி போட்ட புது இனமாக இருந்தன. அதே நாட்களில் மருத்துவமனை உதவியாளர் ஒருவர், வாலைத் தூக்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் கொசுவைச் சுட்டிக் காட்டினார். ரத்தத்தில் மலேரியாக் கிருமி நிறைந்திருந்த உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, புள்ளி இறக்கைக் கொசுக்களை உள்ளே விட்டார்கள். கடிக்கும் கொசு ஒன்றுக்குக் கூலி ஓரணா.

ஆகஸ்டு 20. மிச்சமிருந்தவை ஒன்றிரண்டு கொசுக்கள்தான். அறுத்ததன் வயிற்றுச் சுவரில் வட்டமான அணுக்கள் தெரிந்தன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 12 கூறு அகலம். கொசுவின் வயிற்றில் இருக்கக் கூடாத பொருள். அதற்குள் கறுப்புத் துகள்கள். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது அடையாளமாகப் பார்த்த அதே கறுப்பு. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அணுக்கள் முந்தைய நாளைவிடப் பெருத்திருந்தன. அப்படியென்றால் அவை உள்ளே வளர்கின்றன. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. ஆகஸ்டு 20 இன்று உலகக் கொசு நாள். என் அலுவலகக் காலத்தில் அன்றைக்கு உறுதிமொழி எடுத்துக்கொண்டு, சுண்டலும் டீயும் கொடுத்துக் கலைந்துவிடுவோம்.

ராஸ் பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகள் எழுதினார். சுவரில் இருந்த கொசுவைக் காட்டிய அந்த உதவியாளரைப் பற்றி எழுதும்போது, அவர் பெயர் மறந்துவிட்டது, வருந்துகிறேன் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பாட்டில் கொண்டுவந்தவருக்கு அந்த அடைப்புக்குறியும் இல்லை.

எனக்கு ராஸ் மேல் கோபம் இல்லை. மறந்ததை மறந்தேன் என்று எழுதிய நேர்மையாவது இருக்கிறது. நான் மாதா மாதம் அனுப்பிய அறிக்கைகளில் "புழு இருந்த வீடுகள்" என்று ஒரு கட்டம் உண்டு. எண்ணை நிரப்பி என் கையெழுத்தைப் போடுவேன். அந்தப் புழுவை அகப்பையில் மொண்டு எடுத்தவருக்கு அந்தத் தாளில் கட்டம் எதுவும் இல்லை. இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் வராந்தா ஓரத்துச் செடித்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கே சுத்தமாக இருக்கிறது, ஐயா" என்றார்.

மாலை ஃபலக்நுமா எக்ஸ்பிரஸ்.

நாள் 5: ரயிலில்

ஆந்திரக் கடலோரம் முழுக்கத் தேங்கிய நீர். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது டி.டி.டி. பூச்சிமருந்து அடிக்க வருவார்கள். பானை, சட்டி, சாமி படம் எல்லாவற்றையும் தெருவில் எடுத்து வைப்போம். சுவரெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். மூட்டைப்பூச்சியும் செத்துவிழும் என்பதால் பாட்டிக்கு அவர்கள் மேல் தனி மரியாதை. சுதந்திரம் வந்தபோது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்துகொண்டிருந்தது என்பது கணக்கு. அறுபதுகளின் நடுவில் அது ஒரு லட்சத்துக்கு இறங்கியது. ஒழிந்தது என்று முடிவுகட்டிக் கை சற்றுத் தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம்.

இலங்கையிலும் இதே கதைதான் நடந்தது. 1963-இல் தீவு முழுவதற்கும் 17 நோயாளிகள். கண்காணிப்பைக் குறைத்தார்கள், சில ஆண்டுகளில் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் விடாமல் செய்து, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு மட்டும் சற்றுப் பொறாமையாக இருந்தது.

நாள் 6: கொல்கத்தா

செகந்திராபாத்தில் வெற்றி கண்ட கையோடு ராஸை ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டார்கள். மலேரியா அரிதான இடம். மாற்றல் உத்தரவுகளின் குணம் அன்றும் இதுதான். 1898 தொடக்கத்தில்தான் கல்கத்தா வந்தார். வந்த நேரத்தில் நகரத்தில் பிளேக் பீதி. விரலில் ஊசி குத்த வருகிறவனைக் கண்டாலே மக்கள் ஓடினார்கள். மனிதர்களை விட்டுவிட்டுப் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிகளுக்கு வருகிற மலேரியா வேறு வகை. அதைச் சுமப்பது சாதாரணக் கியூலெக்ஸ். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுவும் குருவியும் பிடித்துக் கொடுத்தார். ஜூலையில் கிருமியைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டார். கடித்த கொசு நலமான குருவிக்கு நோயைத் தந்ததையும் காட்டினார். குடிநீரும் இல்லை, கெட்ட காற்றும் இல்லை, கடிதான். 1902-இல் நோபல் பரிசு.

எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை மதில் ஓரமாக இருக்கிறது நினைவு வாயில். 1927-இல் ராஸே வந்து திறந்துவைத்தது. இந்த வாயிலுக்குத் தென்கிழக்கே 70 கஜ தூரத்தில் உள்ள சிறு ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பு நடந்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவர் கவிஞரும்கூட, அவருடைய வரிகளும் பக்கத்தில் உண்டு. வெளியே நோயாளிகளின் உறவினர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் அகர்பத்தி மாதிரி எதையோ கொளுத்திக் காலடியில் வைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தோம், கொசுவர்த்தி.

நாள் 7

ரசகுல்லா. டிராம். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை. இரவு ஹவுரா–புதுச்சேரி எக்ஸ்பிரஸ். வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற வண்டி.

நாள் 8: ரயிலில்

தம்பி யானைக்கால் கணக்கெடுப்புக் காலத்தைக் கிளறினார். யானைக்கால் நோயைத் தரும் புழுக்களின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கிக்கொள்ளும். இரவில்தான் தோலுக்கு அருகே ரத்தத்தில் உலவும். கடிக்கிற கொசு இரவில் வருவதால் அப்படி ஓர் ஒப்பந்தம். ஆகவே நாங்களும் இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச்சும் சில்லுமாகத் தெருத்தெருவாகப் போவோம். நாய்கள் ஊரைக் கூட்டும். தூங்கி எழுந்தவர் கதவைத் திறந்து, நாங்கள் விரலைக் கேட்பதைக் கேட்டு, மறுபடி சாத்துவார். ஒருமுறை ஒரு பாட்டி, "பகலில் வரமாட்டீர்களா, திருடன் மாதிரி இருட்டில் வருகிறீர்களே" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு தன் விரலை நீட்டியதோடு, பக்கத்து வீட்டுக் கதவையும் அவரே தட்டினார்.

யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் கண்டவர் அதே மான்சன். இரவில் கொசு கடிக்கப் படுத்துக் கொடுத்தவர் அவருடைய தோட்டக்காரர் ஹின் லோ.

நாள் 9: புதுச்சேரி

இந்திரா நகரில் உள்ள வெக்டார் (நோய் பரப்பும் பூச்சி) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1975-இல் தொடங்கியது. எங்கள் பகுதி ஊழியர்களுக்கு இது தாய்வீடு மாதிரி. கேரளத்துச் சேர்த்தலையில் இவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே யானைக்காலைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வராது. ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து, அதிலிருந்தே காற்றை உறிஞ்சிக்கொண்டு அடியிலேயே இருந்துவிடும். மேலே மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை அகற்றவேண்டும். சும்மா அகற்றச் சொன்னால் யார் செய்வார்கள்? அந்தக் குளங்களில் மீன் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மீனுக்காகச் செடி போனது, செடியோடு கொசுவும் போனது.

மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பி-17 என்ற பாக்டீரியா இன்னொன்று. புழு அதைத் தின்றால் அதன் குடலில் நஞ்சாகும். மீனுக்கும் மனிதனுக்கும் ஒன்றும் செய்யாது. புழுவைக் கொல்ல ஊற்றும் அபேட் மருந்தின் நாற்றத்துக்காகத் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போதைய பேச்செல்லாம் வோல்பாக்கியா. பல பூச்சிகளின் உடம்பில் இயல்பாகவே குடியிருக்கும் பாக்டீரியா. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் அது இயல்பாகக் கிடையாது. அதை உள்ளே குடியேற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருக முடியாமல் திணறுகிறது. தாய்க்கொசு அதைத் தன் முட்டைகள் வழியே பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வரவழைத்து, புதுச்சேரிக் கொசுக்களோடு கலந்து, நம் ஊர் வோல்பாக்கியா கொசுவை உருவாக்கிவிட்டதாக மையம் 2022-இல் அறிவித்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 கூறாகப் பிரித்து, பன்னிரண்டில் மட்டும் இத்தகைய கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைவு. அங்கே மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் கொசு முட்டை போட்ட வாளியை வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். நினைத்துப் பார்க்கிறேன். முப்பது ஆண்டுகளாக வாளியைக் கவிழ்க்கச் சொன்ன வாயால், வாளியில் கொசு வளருங்கள் என்று நான் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் என்ன நடந்திருக்கும்? தம்பிக்குச் சந்தேகமே இல்லை. "என்னைத்தான் அடித்திருப்பார்கள், ஐயா. நீங்கள் ஜீப்பில் இருந்திருப்பீர்கள்."

நாள் 10: வீடு

தம்பி என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரவில்லை. வாசல் திண்ணையில் மணிபிளான்ட் வைத்த கண்ணாடிப் பாட்டில் முன்னால் குனிந்து நின்றார். வாரம் ஒருமுறை அதன் தண்ணீரை மாற்றுவது என் பொறுப்பு. முட்டை கொசுவாகப் பறக்க எட்டு முதல் பத்து நாள் ஆகும் என்று ஆயிரம் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அவர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். கூட்டுப்புழுக்கள் சுருண்டு சுருண்டு இறங்கின. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பத்து நாள் எங்கெங்கோ தேடினீர்களே, கிடைத்ததா?" என்று கேட்டாள்.

தம்பி பதில் சொல்லவில்லை. சட்டைப் பையைத் தடவி, பழக்கதோஷமாக ஒரு பேனாவை எடுத்து, "வீட்டு உரிமையாளர் பெயர் என்னவென்று எழுதிக்கொள்ளட்டும், ஐயா?" என்றார்.